இந்தப் புள்ள உண்மையில்ல

இந்த நாட்டில் பொய் சொல்லத் தெரியாத புடவைக்கடைக்காரர் ஒரேயொருவர்தான் இருக்கிறார். அவருடைய கடை மதுரங்குளிச் சந்தியில் என் கொப்பி, பேனைக் கடைக்கு நேர் எதிரே இருந்து தொலைத்தது. நான் இப்போது சிலாபத்துக்கு வந்து கடை போட்டுவிட்டேன். இங்கே மீன் விற்பவரிலிருந்து தேங்காய் விற்பவர் வரை எல்லோரும் அளவாகப் பொய் சொல்கிறார்கள், வியாபாரம் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் ஒரு பெண் துணியைத் தடவிப் பார்த்து "நல்லதா?" என்று கேட்கும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஷோகேஸ் நானா என்றால் கல்பிட்டி வரைக்கும் தெரியும்.

அவர் வியாபாரம் செய்யும் அழகைச் சொல்லவேண்டும். ஒரு ராத்தா வந்து பூப்போட்ட துணி ஒன்றை எடுப்பார்.

"நல்ல துணியா நானா?"

"பாக்க நல்லா இரிக்கும். கழுவக் கழுவச் சாயம் போகும். தலகாணி உறைக்கு எண்டா எடுங்க."

ராத்தா துணியை மெதுவாக வைத்துவிட்டு, அடுத்த கடைக்குப் போய் அதே துணியைக் கூடின விலைக்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் பஸ் ஏறுவார். நானாவும் சந்தோஷமாகத் தன் கதிரையில் போய் உட்காருவார். இது தினசரி நடப்பது. பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

"நானா, நீங்க கடை துறந்திரிக்கிறது துணி விக்கவா, ஆக்களத் திருப்பி அனுப்பவா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தம்பி, நல்லதச் சொல்ல நான் என்னத்துக்கு? அதத் துணியே சொல்லும். குறைய நான்தானே சொல்லோணும்? அது அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்ச பொறுப்பு" என்றார். இதுதான் அவருடைய கொள்கை. இதனால் அவர் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த ஷோகேஸ் கதை. கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அபாயா உடுத்திய பொம்மைகள் நான்கைந்து நின்றன. நல்ல சிவந்த முகம், நீலக் கண். ஒரு ஜும்ஆ நாள் பள்ளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நானாவைத் தனியே கூப்பிட்டு, "மகன், உருவத்துக்கு முகம் வைக்கிறது சரியில்ல. அதோட ஒங்கட நடுப் பொம்மை என்னையே பாக்குது" என்றார். பொம்மை பார்த்ததா, பெரியவர் பார்த்தாரா என்பது வேறு விஷயம். நானா அன்றே மரம் அரியும் வாள் வாங்கி எல்லாத் தலையையும் அறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கூத்து. சுபஹுத் தொழுகைக்குப் போன முச்சக்கர வண்டிக்காரன், மங்கல் வெளிச்சத்தில் கறுப்பு உடுத்த முண்டங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு வண்டியை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விட்டான். பிள்ளைகள் அந்தப் பக்கம் வர மறுத்தன. "சரி, தலை மாதிரி ஏதாவது வைக்கிறேன்" என்று நானா ஒன்றுக்கு மண்முட்டி வைத்தார், ஒன்றுக்குப் பூச்சாடி வைத்தார், ஒன்றுக்குக் கால்பந்து வைத்தார். இளைஞர்கள் கால்பந்து ராத்தாவோடு நின்று படம் எடுக்கவென்றே பாலாவியிலிருந்து வந்தார்கள். ஒருவனும் ஒரு முழத் துணி வாங்கவில்லை.

இந்த நிலையில்தான் நானாவின் மகள் ருஷ்தா தலையிட்டாள். இருபத்தொன்பது வயது, தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கோபம். உம்மா மௌத்தான பிறகு வீட்டையும் கடையையும் வாப்பாவையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகிறவள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் அவளுடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கடையிலுள்ள அபாயாக்கள் எல்லாம் அவள் வெட்டித் தைத்தவை. அது எனக்குத் தெரியும், தையல் அறைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் கேட்டதில்லை, நானாவும் சொன்னதில்லை. நல்லதைச் சொல்ல அவர் என்னத்துக்கு?

"வாப்பா, எல்லாக் கடையும் போன்ல விக்கிது. நாமளும் ஒரு பக்கம் துறப்போம்" என்றாள் ருஷ்தா.

"யாரு உடுத்துக் காட்டுறது? நம்மட ஊருப் புள்ளைகள்ட படத்த ஊரெல்லாம் போடுவாங்களா?"

"டுபாய்ப் படத்த எடுத்துப் போடுறாங்களே."

"அது நம்மட அபாயா இல்லியே. பொய்."

ருஷ்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையில்லாப் பொம்மைக்குத் தான் தைத்த அபாயாவை உடுத்திப் படமெடுத்து, கம்பியூட்டரில் கொடுத்து, அதற்கு ஒரு முகமும் கையும் நடையும் வாங்கிக் கொடுத்தாள். இப்போது எங்கேயும் இதுதானே. இல்லாத பெண்கள் உடுத்துகிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், இருக்கிறவர்கள் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். எங்கள் மதுரங்குளிக்கும் அப்படி ஒருத்தி வந்து சேர்ந்தாள். நானா அவளுக்கு நூரா என்று பெயர் வைத்தார்.

முதல் படத்தை நானா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "மகள், புள்ளைக்கு ஆறு விரல் இரிக்கி" என்றார்.

"கம்பியூட்டர் பிழை விட்டிரிக்கி வாப்பா. திருத்துறேன்."

"திருத்து. இல்லாட்டி ஆறு விரல் எண்டு கீழ எழுதிப் போடு."

அடுத்த படத்தில் கம்பியூட்டர் தன்பாட்டில் கைப்பட்டியில் பூவேலை சேர்த்திருந்தது. அதையும் அழிக்கச் சொன்னார். இல்லாத பூவைக் காட்டி விற்றால் மறுமையில் யார் பதில் சொல்வது? கடைசியில் எல்லாம் சரியாகி, படம் போகப்போகும் நேரத்தில் மனிதர் மறுபடியும் கையைப் பிடித்தார். "நில்லு. புள்ளையே இல்லாத புள்ளதானே? அதச் சொல்லோணும்." அன்றிலிருந்து நூராவின் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரே வாசகம் போனது: "இந்தப் புள்ள உண்மையில்ல. அபாயா உண்மை."

யார் வாசித்தார்கள்? அந்த வாசகத்துக்கு அடியிலேயே "மாஷா அல்லாஹ், தங்கச்சி எந்த ஊர்?" என்று கேட்டார்கள். நானா இரவிரவாக ஒவ்வொருவருக்கும் "ஊர் இல்ல. கம்பியூட்டர்" என்று பதில் போட்டார். "நானா நல்லாப் பகிடி விடுறாரு" என்று அதற்குக் கீழே சிரித்தார்கள். வியாபாரம் மட்டும் பிய்த்துக்கொண்டு போனது.

இல்லாத பிள்ளை என்று ஊருக்குச் சொன்ன அதே மனிதர், வீட்டில் அவளை வளர்த்த விதம் இருக்கிறதே! நோன்பு மாதத்தில் நூரா கையில் பழச்சாற்றுக் கிளாஸோடு ஒரு படத்தில் வந்தாள். நானா பதறிவிட்டார்.

"பட்டப்பகல்ல குடிக்கிறாளே!"

"வாப்பா, அவளுக்குத் தொண்டையே இல்ல!"

"தொண்டை இல்லாட்டியும் பாக்கிற ஆக்களுக்குக் கண் இரிக்கி. மஃரிபுக்குப் புறகு, நோன்பு துறக்கிற நேரத்துல போடு."

இன்னொரு முறை நூராவைக் கல்பிட்டிக் கடற்கரையில் காற்றில் நடக்கவிட்டாள் ருஷ்தா. அருமையான படம். நானா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இவ யாரோட போனா?"

"என்ன வாப்பா?"

"வயசுப்புள்ள. கடக்கரை. தனியவா போனா?"

ருஷ்தா தலையில் அடித்துக்கொண்டாள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். நான் வந்து, நானா, அது புள்ளியும் கோடும் என்று ஒரு மணி நேரம் விளங்கப்படுத்தினேன். "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரி, அப்ப ஒரு உம்மாவச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றார். செய்தார்கள். நூராவுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, குடை பிடித்துக்கொண்டு ஒரு உம்மா நின்றார். குடையை அவர் தோளில் சாய்த்திருந்த விதம் மௌத்தான நானாவின் மனைவி சாய்க்கும் விதம். ருஷ்தா தெரிந்து செய்தாளா என்று நான் கேட்கவில்லை. நானாவும் அன்று அதற்குமேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பார்த்தால் வயதான பெண்களெல்லாம் நூராவை விட்டுவிட்டார்கள். "பின்னுக்கு நிக்கிற உம்மா உடுத்திரிக்கிற அபாயா என்ன விலை?" இதே கேள்விதான்.

சிலாபத்தில் ஆம்பிளைச் சேட்டு, சாரம் விற்கும் வியாபாரி ஒருவரும் இதே மாதிரி ஒரு கம்பியூட்டர்ப் பையனை வைத்திருந்தார். பெருநாளுக்கு இரண்டு பேரையும் சேர்த்து ஒரு விளம்பரம் போடுவோம், லாபத்தைப் பங்கு போடுவோம் என்று ஒரு நாள் நோன்பு திறந்த பிறகு நேரில் வந்தார். நானா பிளேன்டீ கொடுத்து உபசரித்துவிட்டு, "பொடியன் யாருட மகன்?" என்றார்.

"ஐயோ நானா, ரெண்டும் கம்பியூட்டர்தானே!"

"கம்பியூட்டருக்கு வெக்கம் இல்லாம இரிக்கலாம். எனக்கு இரிக்கி."

வந்தவர் பிளேன்டீயைக் குடித்து முடிக்காமலே போனார்.

அந்த அடக்கவொடுக்கம்தான் வினையாகிப் போனது. நோன்பு நேரத்தில் குடிக்காத பெண், உம்மா இல்லாமல் கடற்கரைக்குப் போகாத பெண், ஆம்பிளைப் பிள்ளையோடு படத்துக்கு நிற்காத பெண். ஊரிலுள்ள மாப்பிள்ளையின் உம்மாமார் சும்மா இருப்பார்களா? நூரா நானாவின் வீட்டுப் பிள்ளை என்றே நினைத்துச் சம்பந்தம் பேச ஆள் வரத் தொடங்கியது. தரகர்கள் வந்தார்கள், தரகருக்குத் தெரியாமல் மாமிமார் வந்தார்கள். நானா எல்லோருக்கும் உள்ளதைச் சொன்னார்: "அப்படி ஒரு புள்ள இல்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும். குடும்பமான வீட்டில் பெண் கேட்டுப் போனால் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். இப்ப யோசிக்கல்ல, புள்ள படிக்கிது, புள்ளையே இல்ல. அதைக் கேட்டுத் திரும்பி வருகிறவன் விசரன். எனவே நானா "இல்ல" என்று சொல்லச் சொல்ல நூராவின் மதிப்பு ஏறியது. "கண்ணுலயும் காட்டமாட்டாங்க, அவ்வளவு பேணுதல்" என்று பேச்சுப் பரவியது.

அப்படி வந்தவர்களில் விடாக்கண்டன் கனமூலை மாமி. மகன் கட்டாரில் நல்ல வேலை. முதல் தரம் பலகாரத்தோடு வந்தார். அடுத்த தரம் வட்டிலப்பத்தோடு வந்தார். பெருநாளுக்கு முந்திய வாரம், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், தங்கச்சிமார் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேவிட்டார். நான் அப்போது பில் புத்தகம் கொடுக்கப் போயிருந்தேன்.

"நானா, இண்டைக்குப் புள்ளையப் பாக்காமப் போகமாட்டேன்."

"மாமி, அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றேன், அப்படி ஒரு புள்ள இல்ல."

"ஆணை போடாதீங்க, குத்தமாப் போகும்" என்றார் மாமி சிரித்துக்கொண்டே. "ஒங்கட பேணுதலப் பாத்துத்தான் நாங்க வந்த."

பின்னறையில் தையல் மெஷின் நின்றது. ருஷ்தா ஊசிநூல் ஒட்டிய சட்டையோடு, கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முண்டப் பொம்மையைக் காட்டி, அதன் படத்தைக் காட்டி, அதற்கு முகம் வருவதைக் காட்டினாள். முகம் வந்தது, நூரா கண் சிமிட்டினாள். பிறகு முகத்தை எடுத்தாள். மறுபடி முண்டம்.

மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். கடையில் நின்ற சனமெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. மாமி மெல்லக் கேட்டார்: "அப்ப... குடையோட நிக்கிற அந்த உம்மாவும் இல்லியா?"

"இல்ல மாமி."

"அவங்களத்தான் மகள், எனக்குக் கூடுதலாப் புடிச்சிரிந்த" என்றார் மாமி. உண்மையாகவே அவருக்குக் குரல் கம்மிப்போனது. நானா வேறு பக்கம் திரும்பித் துணியை மடித்தார்.

அந்த நேரத்தில்தான் மாமி பக்கத்தில் இருந்த பெண்ணை ஒழுங்காகப் பார்த்தார். கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீ யாருட மகள்?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு கனிவு இருந்தது. யா அல்லாஹ், இந்த மனிதனின் வாயைக் கொஞ்சம் கட்டு என்று துஆக் கேட்டேன்.

"என்ட மகள்தான்" என்றார் நானா. "கோவக்காரி. இடியப்பம் அவிச்சாக் கல்லு. இருபத்தொம்பது முடியப்போகுது. காலைல எழும்பினா ஒருத்தரோடயும் பேசமாட்டா."

குறையைச் சொல்லிவிட்ட திருப்தியோடு நின்றார். மாமியின் முகத்தில் திறந்த கதவு மூடிக்கொண்டது. "இன்ஷா அல்லாஹ், வீட்டுல கதைச்சிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த வட்டிலப்பத்துக்கும் அதோடு முடிவு வந்தது.

எனக்கு நானாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இதற்கு முன்னும் ருஷ்தாவைக் கேட்டு வந்தவர்கள் இல்லாமலில்லை. வந்த ஒவ்வொருவரையும் மனிதர் இப்படித்தான், சாயம் போகும் துணியைக் காட்டுவது போலக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

ருஷ்தா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கம்பியூட்டரை மடித்தாள்.

"வாப்பா, இல்லாதவளக் கேட்டு ஊரே வருது. இரிக்கிறவள நீங்களே விரட்டுறீங்க."

"நான் பொய் சொல்லலியே மகள்."

"பொய் சொல்லுங்க எண்டு நான் கேக்கல்ல. முழுசாச் சொல்லுங்க எண்டுதான் கேக்குறேன். அந்த அபாயா யாரு தைச்சது எண்டு ஒரு நாளாவது சொன்னீங்களா? 'அபாயா உண்மை' எண்டு எழுதுறீங்க. அது வானத்துல இருந்தா வந்து விழுந்தது?"

உள்ளே போய்விட்டாள். மெஷின் ஓடவில்லை.

பெருநாள் வியாபாரம் உச்சத்தில் நிற்க, நானாவின் போன் பக்கத்தில் புதுப் படம் ஒன்றும் வரவில்லை. நூரா எங்கே, நூராவுக்கு நிக்காஹ் ஆகிவிட்டதா என்று சனம் கேட்டுக்கொண்டிருந்தது. நானா யாருக்கும் பதில் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது துணியைக் காட்டி "நல்லதா நானா?" என்றால், "தெரியா" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான்.

பிறகு ஒரு பின்னேரம் நூராவின் படம் வந்தது. பழைய கடற்கரைப் படம்தான், பின்னால் குடையோடு உம்மா. கீழே எழுத்து மட்டும் புதிது. ருஷ்தாவுக்குத் தெரியாமல் தானே தட்டித் தட்டி எழுதியிருந்தார்:

"இந்தப் புள்ள உண்மையில்ல. இவளச் செஞ்சது என்ட மகள் ருஷ்தா. அவ உண்மை. எங்கட கடையில உள்ள அபாயா எல்லாம் அவ வெட்டித் தைக்கிறது. கோவம் வரும். இடியப்பம் கல்லு. உம்மா மௌத்தான நாளையில இருந்து என்னப் பாக்கிறதும் அவதான். இவள மாதிரி ஒரு புள்ள இந்தக் கரையிலயே இல்ல."

இந்த முறை ஊர் வாசித்தது. என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ருஷ்தா அதை வாசித்துவிட்டு, "இடியப்பத்த எழுதாமப் போனா என்ன?" என்று வாப்பாவோடு சண்டை பிடித்தாள், சண்டை நடுவிலேயே அழுதாள். கல்யாணப் பெண்கள் உடுப்புத் தைக்க அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். கடைப் பலகையில் இப்போது அவள் பெயரும் இருக்கிறது. கனமூலை மாமி தன் அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்தார், அளவு கொடுத்து முடிந்தும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சம்பந்தங்கள் வருகின்றன. "அவசரமில்ல, பாப்போம்" என்கிறாள் ருஷ்தா. இந்த முறை பார்க்கிறவள் அவள்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் பின்னேரம்தான். எழுதிப் போட்ட கையோடு நானா போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கு ஓடிவந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. ஏதோ திருடிவிட்டு வந்தவர் போல நின்றார்.

"தம்பி, கடைசி வரியப் பாருங்க. கூடிப்போச்சா? விளம்பரம் மாதிரி இரிக்கா? அழிக்கட்டா?"

நான் வாசித்தேன். இன்னொரு தரமும் வாசித்தேன்.

"அழிக்காதீங்க நானா. இது சாயம் போகாது" என்றேன்.

மனிதர் உடுத்திருந்த சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தளத்து பஸ் வருவதையும் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டார். நான் கொப்பிகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நடு ரோட்டில் கையை விரித்து பஸ்ஸை மறித்தேன். சாரதி தலையை வெளியே நீட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினான். ஏசட்டும். அப்படிப்பட்டவர் நமக்கு ஒருவர்தானே இருக்கிறார்.